ஆங்கிலம் தெரிந்தவருக்காகச் செய்யப்படும் தமிழ் இடைமுகம்

யாங்கோன் நகரின் பான்சொடான் துறையில் படகேறினால் சில நிமிடங்களில் மறுகரையிலுள்ள டாலாவை அடையலாம். ஆங்கிலேயர் காலத்தில் ஐராவதி புளோட்டிலா கம்பெனியின் கப்பல் பட்டறை அமைந்திருந்த இடம் அது. துறைமுகத்தையும் அரிசி ஆலைகளையும் நம்பித் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்தவர்களின் வழித்தோன்றல்கள் யாங்கோனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்றும் வாழ்கின்றனர். 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றிய பின் இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் அந்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. எஞ்சியோரின் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து என்பது கோயில் மண்டபத்து மாலை வகுப்பாகச் சுருங்கியது.

இத்தகைய ஒரு குடும்பத்தின் கையில் இன்று இருக்கும் தொலைபேசியை எண்ணிப் பார்க்க வேண்டும். 2014இல் வெளிநாட்டு நிறுவனங்கள் மியன்மாரில் 1500 கியாட்டுக்கு சிம் அட்டை விற்கத் தொடங்கியதும், அதுவரை வசதி படைத்தோரின் உடைமையாக இருந்த இணையம் எளிய வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. அவ்வீட்டுப் பாட்டிக்குப் பேச்சு தமிழ், கடைத்தெருவில் பர்மியம். ஆங்கிலமோ அவருக்கு எட்டாத மொழி.

"கணினியைத் தொடுபவருக்கு ஆங்கிலம் தெரியாதா? தமிழ் இடைமுகம் எதற்கு?" என்னும் கேள்வி ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சென்னையிலும் சலிக்காமல் கேட்கப்படுகிறது. கேட்போர் தங்களையே உலகத் தமிழரின் அளவுகோலாக வைத்துக்கொள்கின்றனர். டாலாவின் கரையில் இந்த வாதம் ஒரு நொடிகூட நிற்காது.

ஆயினும் இவ்வாதத்தைவிடக் கேடு விளைவிப்பது வேறொன்று. தமிழ் இடைமுகம் வேண்டும் என்று உழைப்போரே அந்த எண்ணத்தை அறியாமல் சுமந்து திரிகின்றனர். தாம் எழுதும் சொல்லைப் படிப்பவர் அதன் பின்னால் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொல்லை ஊகித்துக்கொள்வார் என்று நம்பி மொழிபெயர்க்கின்றனர். 'டிலீட்', 'ரிமூவ்', 'கிளியர்' ஆகிய மூன்றும் பல செயலிகளில் 'நீக்கு' என்றே வருகின்றன. ஒன்று கணக்கையே அழித்துவிடும். மற்றொன்று பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுக்கும். இன்னொன்று பெட்டிக்குள் தட்டிய எழுத்துகளை மட்டும் துடைக்கும். ஆங்கிலம் அறிந்தவர் ஐயம் எழுந்தால் மொழியை மாற்றிப் பார்த்துத் தெளிவார். டாலாப் பாட்டி எதை மாற்றிப் பார்ப்பார்? 'கட்டளையை இரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'இரத்து', 'சரி' என இரண்டு பொத்தான்களை வைக்கும் திரையில் அவர் எதை அழுத்துவார்?

குற்றம் முழுவதும் மொழிபெயர்ப்பாளருடையதன்று. பெரும்பாலும் அவர் கைக்கு வருவது திரை அல்ல, சொற்களின் பட்டியல். 'ஓப்பன்' என்று ஒரு வரி. அது 'திற' என்னும் ஏவலா, 'திறந்துள்ளது' என்னும் நிலையா? சொல்வார் இல்லை. நிரலை எழுதியவர் ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி, இடையில் பயனரின் பெயரை ஒட்டுகிறார். தமிழிலோ வினை இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயரோடு புணரும். மாலா என்பது 'மாலாவுக்கு' ஆகும், மரம் 'மரத்தில்' ஆகும். இயந்திரம் 'மாலா க்கு' என்றும் 'மரம் இல்' என்றும் எழுதிவைக்கும். கைதேர்ந்த மொழிபெயர்ப்பாளர் உருபே தேவைப்படாதபடி 'பெறுநர்: மாலா' என்று வாக்கியத்தையே மாற்றி அமைப்பார். இதற்கு வேண்டுவது தமிழ் இலக்கண அறிவு. அகராதி மட்டும் போதாது.

'சேமி', 'அனுப்பு' என்று பொத்தான்கள் ஏவுவது மரியாதைக் குறைவு என்று முறையிடுவோரும் உண்டு. பொத்தான் என்பது மனிதர் இயந்திரத்துக்கு இடும் கட்டளை. அங்கே ஏவல் வினையே பொருந்தும். இயந்திரம் மனிதரிடம் பேசும் இடத்தில்தான் 'உள்ளிடுங்கள்' என்னும் பணிவு வேண்டும். இந்த வேறுபாட்டைப் பல செயலிகள் பேணுவதில்லை.

சொற்கள் இவ்வளவு முக்கியமா என்று கேட்போர் மியன்மாரையே பார்க்கட்டும். அந்நாட்டில் நெடுங்காலம் கோலோச்சிய சோஜி எழுத்துரு, ஷான், மொன், கரேன் மொழிகளுக்கென யுனிகோடு ஒதுக்கிய இடங்களில் பர்மிய எழுத்து வடிவங்களைத் திணித்தது. பெரும்பான்மையினருக்கு அது வசதி. சிறுபான்மையினரின் எழுத்தோ திரையில் சிதைந்தது. 2019 அக்டோபர் 1ஐ அரசு யுனிகோடு மாற்றத்துக்கான நாளாகக் குறித்தது. அதற்கு முன்பே பேரழிவு நிகழ்ந்துவிட்டது. ரொஹிங்கியாக்களுக்கு எதிரான வெறுப்பு அங்கே முகநூல் வழியாகப் பரவியது. தன் தளம் வன்முறையைத் தூண்டப் பயன்படுவதைத் தடுக்கப் போதிய அளவு செயற்படவில்லை என்று 2018 நவம்பரில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. முறையிடும் பொத்தானும் தளத்தின் விதிகளும் மக்களுக்குப் புரியும் மொழியில் இருப்பது உயிர்களோடு தொடர்புடைய செய்தி.

தமிழரும் டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்களில் சிதறிக் கிடந்தவர்களே. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைப் பதிவிறக்கச் சொன்ன காலம் அது. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது. எழுத்துருவைச் சாக்காகக் காட்டும் வழி அன்றே அடைபட்டுவிட்டது.

அச்சாக்கு நிலவிய நாளிலேயே பணி செய்தோர் உண்டு. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணியாற்றியபடியே 2003 நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவின் இடைமுகச் சொற்களில் பெரும்பகுதியைத் தமிழாக்கினார். எந்த அரசும் அவரைப் பணிக்கவில்லை. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு வழங்கியது. அந்த மென்பொருளின் சொற்களை இன்று டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் எவரும் மொழிபெயர்க்கலாம். ஒரு சொல் எங்கே, எதற்காக வருகிறது என்னும் குறிப்பும் பல வரிகளுக்கு அங்கே தரப்படுகிறது.

அப்படியிருக்க, புலம்பெயர்ந்த பெற்றோர் செய்வது என்ன? சனிக்கிழமை தவறாமல் பிள்ளையைத் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். வாசலில் காத்திருக்கும் இரண்டு மணி நேரமும் ஆங்கிலப் பட்டிகளைக் கொண்ட கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருக்கின்றனர். அமைப்புகளுக்குள் சென்று மொழியை மாற்ற ஒரு நிமிடம் போதும். "அந்தத் தமிழ் புரியவில்லை" என்று மறுநாளே ஆங்கிலத்துக்குத் திரும்புவோர், புரியாத சொல் எது என்று எவரிடமும் தெரிவிப்பதில்லை. பயனர் இல்லை என்று நிறுவனம் கைவிரிக்கிறது. தரமில்லை என்று பயனர் கைவிடுகிறார்.

இளையோருக்கு இங்கே வேலை இருக்கிறது. ஆங்கிலம் அறியாத அப்பம்மாவின் கையில் தமிழுக்கு மாற்றிய தொலைபேசியைக் கொடுக்கட்டும். இதை அழுத்தினால் என்ன நடக்கும் என்று திரை திரையாகக் கேட்கட்டும். அவர் விரல் தயங்கும் சொற்களை ஒரு தாளில் எழுதி, அச்செயலியை உருவாக்கியோருக்குத் திருத்தத்தோடு அனுப்பட்டும். 'நீக்கு' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம்.