கடல் தெரியும் ரூம்!

கொங்கு நாட்டில் எல்லாம் உண்டு. நெல் உண்டு, தென்னை உண்டு, கரும்பு உண்டு, பனியன் உண்டு. திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத் திட்டும் மரியாதை உண்டு. கடல் மட்டும் கிடையாது. எங்கள் கணியூரில் பெரிய தண்ணீர் என்றால் அமராவதி ஆறுதான். அதிலும் அணையைத் திறந்தால்தான் தண்ணீர். ஆகையால் கடலைப் பார்த்தால் நாங்கள் கொஞ்சம் கூடுதலாகவே உணர்ச்சிவசப்படுவோம். லாட்ஜ்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

கல்யாணமான புதிதில் கன்னியாகுமரி போனோம். "ஸீ வியூ ரூம் சார்! படுத்துக்கிட்டே சூரிய உதயம் பார்க்கலாம்" என்றார்கள் ஒரு லாட்ஜில். அதற்காக முந்நூறு ரூபாய் அதிகம். விடிகாலை அலாரம் வைத்து எழுந்து ஜன்னலைத் திறந்தால், எதிரே அடுத்த கட்டடத்தின் தண்ணீர் டாங்க். ரூம் பையனைக் கூப்பிட்டேன். அவன் என்னைப் பாத்ரூமுக்குள் அழைத்துப் போய், பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, "இதுமேல ஏறி நின்னு தலையை லேசா இடது பக்கம் சாய்ங்க சார்" என்றான். சாய்த்தேன். வெண்டிலேட்டர் வழியாகக் கைக்குட்டை அளவுக்குக் கடல் தெரிந்தது. சூரியன் அந்தக் கைக்குட்டையில் உதிக்கவில்லை. அவசர அவசரமாகக் கரைக்கு ஓடினோம். அங்கே ஊரே நின்று இலவசமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த முந்நூறு ரூபாயை என் மனைவி இன்னும் மறக்கவில்லை. பி.காம். படித்தவன் நான், பாலன்ஸ் ஷீட் அவளிடம்.

இந்தப் பழைய கணக்கை இப்போது எடுக்கக் காரணம் என் மைத்துனன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை கணியூருக்கு வந்தவன், காபி டம்ளரைக் கையில் வாங்குவதற்கு முன்பே, "மாமா, நாம எல்லாரும் இத்தாலி போறமுங்க. அம்மாவையும் கூட்டிக்கிட்டு" என்றான்.

அம்மா என்றால் என் மாமியார். எனக்கு அத்தை. முப்பது வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்த்தவர். செக்கிங் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு பீஸாக விரித்து, ஓட்டை உண்டா, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்துத் தள்ள வேண்டும். காலையிலிருந்து இரவு வரை நின்றபடி. அதில் எத்தனையோ ஆர்டர் இத்தாலிக்குப் போனது. 'இந்தத் துணியெல்லாம் போய்ச் சேர்ற ஊர் எப்படி இருக்கும்?' என்று அத்தை எப்போதோ கேட்டாராம். பையன் மனசில் வைத்துக்கொண்டுவிட்டான்.

திருப்பூருக்கும் இத்தாலிக்கும் பூர்வ ஜன்ம பந்தம் உண்டு சார். 1978-ல் வெரோனா என்ற ஓர் இத்தாலிய இறக்குமதியாளர் மும்பை வியாபாரிகள் வழியாக வெள்ளை டி-ஷர்ட் தேடித் திருப்பூருக்கு வந்தார். உள்நாட்டுக்குப் பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் வெளிநாட்டுக்குத் தைக்க ஆரம்பித்த கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். வெரோனா என்ற பெயரில் இத்தாலியில் ஒரு நகரமும் இருக்கிறது. ரோமியோ - ஜூலியட் ஊர். "அப்ப அங்கயே தங்கலாமுங்க" என்றாள் என் மனைவி. "அங்க கடல் இல்லைக்கா" என்றான் மைத்துனன். கடல் இல்லாத ஊரில்தான் ஏற்கெனவே இருக்கிறோமே! வெரோனா தள்ளுபடி.

"சரி மாப்ளே, எங்க தங்கறதா உத்தேசம்?" என்றேன்.

"அதுக்குத்தானுங்க மாமா உங்ககிட்ட வந்தேன்."

அங்கேதான் சிக்கலே. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபிறகு லாட்ஜ் தேடலாம். இத்தாலிக்கு அது நடக்காது. விசா கேட்கும்போதே 'எந்த ஊரில், எந்த இடத்தில், எத்தனை நாள் தங்கப் போகிறாய்?' என்பதற்குக் காகிதம் காட்ட வேண்டும். பாங்க் ஸ்டேட்மெண்ட் காட்ட வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் வேண்டும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ. விசா கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது; உண்டியலில் போட்ட மாதிரி. ஆகவே ஊரைப் பார்க்காமலே தங்குமிடத்தை முடிவு செய்தாக வேண்டும். பெண் பார்க்காமலே முகூர்த்தம் குறிக்கும் கதை.

தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். இத்தாலிக்கு ஏழாயிரத்துக்கும் மேலே. மூன்று பக்கமும் கடல். எங்கே என்று விரலை வைப்பது?

மைத்துனனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. "போஸிடானோ!" என்று செல்போனை நீட்டினான்.

படத்தைப் பார்த்தோம். நேப்பிள்ஸுக்குத் தெற்கே அமால்ஃபி கடற்கரை. செங்குத்தான மலை. நவராத்திரிக் கொலு மாதிரி படிப்படியாக வீடுகள், மஞ்சளும் ரோஸும் வெள்ளையுமாக. கீழே நீலக் கடல். 1953-ல் ஜான் ஸ்டீன்பெக் என்ற அமெரிக்க எழுத்தாளர் இந்த ஊரைப் பற்றி ஒரு பத்திரிகையில் கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு உலகமே கிளம்பிப் போக, மீனவர் ஊர் பணக்கார ஊராகிவிட்டது. பத்திரிகைக் கட்டுரையால் ரூம் வாடகை ஏறியிருக்கிறது, பாருங்கள்! நானும் எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன், கணியூரில் டீ விலைகூட ஏறியதில்லை.

அத்தை மட்டும் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். செக்கிங் கண் அல்லவா! விரித்துப் பார்க்காமல் விடுமா?

"இந்த ஊட்டுக்கெல்லாம் எப்படிப் போவாங்க கண்ணு?"

"படிம்மா. ஊர் முழுக்கப் படிதான். அதுதான் அந்த ஊரோட அழகே."

அத்தை செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே, "நீங்க எல்லாம் போயிட்டு வாங்க சாமி. நான் ஊட்டைப் பாத்துக்கறேன். மாட்டுக்கும் ஆள் வேணுமில்ல?" என்றார்.

மாடு விற்று மூன்று வருஷம் ஆகிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தை தரையில் உட்கார்ந்து நான் பார்த்து நாளாகிவிட்டது. பழனிக்குப் போனால் விஞ்ச், இல்லாவிட்டால் ரோப் கார். அங்கே 690 சொச்சம் படி. முருகனுக்கே மெஷின் வைத்து மேலே ஏற்றி விடுகிறார்கள். போஸிடானோவில் பெட்டியைத் தூக்கக் கூலிக்கு ஆள் கிடைக்கும். அத்தையை யார் தூக்குவது?

"மாப்ளே, நாம யாருக்காகப் போறோம்?" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. சரி, இனி இது பி.காம். வேலை என்று மகனுடைய ரஃப் நோட்டை எடுத்து, பேரேடு மாதிரி கோடு போட்டேன்.

முதல் பக்கம், சிங்க்வெ டெர்ரே. இத்தாலியின் வடமேற்குக் கரையில் வரிசையாக ஐந்து கிராமங்கள். 1997-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. (அமால்ஃபி கடற்கரையும் அதே வருஷம்தான் ஏறியது.) வரவு: ஐந்து ஊருக்கும் ரயில் உண்டு. பற்று: கோர்னிலியா என்ற ஊரில் ஸ்டேஷன் கீழே, ஊர் மேலே, நடுவே முந்நூற்று எழுபதுக்கும் மேல் படி. குட்டி பஸ் ஒன்று உண்டு, விட்டால் படிதான். ஐந்தில் மான்டெரோஸோ மட்டும் சமதளமாக, மணல் கடற்கரையோடு இருக்கிறது. விவரமானவர்கள் இரண்டு முனையில் இருக்கும் லா ஸ்பெட்ஸியா அல்லது லெவாண்டோவில் ரூம் போட்டுக்கொண்டு, பகலில் ரயிலேறி ஐந்து ஊரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

இரண்டாம் பக்கம், ரிமினி. கிழக்குக் கரை. கிலோமீட்டர் கணக்கில் தட்டையான மணல், வரிசையாக ஹோட்டல்கள். படி என்ற பேச்சே இல்லை. ஆனால் அங்கே கடற்கரையில் பெரும்பகுதி குடையும் சாய்வு நாற்காலியும் போட்டு வாடகைக்கு விடும் இடம். இலவசக் கடற்கரை தனியாக ஒதுக்கியிருப்பார்கள். அதைத் தேடிப் போக வேண்டும். மெரினாவில் துண்டை விரித்துப் படுத்தவர்களுக்கு இது ஜீரணமாகாது. "குழந்தைங்க விளையாடலாம், ஆனா மலையும் கடலும் சேர்ந்து பார்க்க முடியாதுங்க மாமா" என்றான் மைத்துனன். அவனுக்குக் கொலு போகவில்லை.

மூன்றாம் பக்கம், அந்த அமால்ஃபியே. ஆனால் தங்குவது போஸிடானோவில் அல்ல. அந்தக் கரையோரம் ரயிலே கிடையாது. மலையைச் சுற்றிப் போகும் ஒற்றை ரோடு, பஸ், படகு, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஸொரெண்டோ. நேப்பிள்ஸிலிருந்து லோக்கல் ரயில் வரும். ஆனால் ஊர் உயரத்தில் இருக்கிறது, கடல் பாறைக்குக் கீழே. மறுபக்கம் ஸலெர்னோ. ரோமிலிருந்து நேர் ரயில், வேகமான வண்டியானால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஸ்டேஷனும் கடலோரமும் சமதளம். நடந்தே படகுத்துறைக்குப் போகலாம். பொம்பெய் பார்க்க வேண்டுமா, அதற்கும் ரயில். நாலு பேர் குடியிருக்கும் சாதாரண ஊர் என்பதால் வாடகையும் போஸிடானோவைவிடக் கணிசமாகக் குறைவு.

"அப்ப போஸிடானோ?" என்றான் மைத்துனன், மிட்டாயைப் பிடுங்கிக்கொண்ட பையன் மாதிரி.

"படகுல போவோம் மாப்ளே. ஸலெர்னோவிலிருந்து அமால்ஃபிக்கு அரை மணி சொச்சம், போஸிடானோவுக்கு ஒரு மணிக்கு மேலே. படகு கடற்கரையிலேயே கொண்டுபோய் விடும். கீழே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டுட்டு, மலையை அண்ணாந்து பார்த்துட்டு, அடுத்த படகுல திரும்பிடலாம். ஒரு படி ஏற வேண்டாம். நீ செல்போன்ல காட்டினியே அந்தப் படம், அது எங்கிருந்து எடுத்தது? ஊருக்குள்ளிருந்தா எடுத்தான்? எதிரே நின்னு எடுத்தது! போஸிடானோவுல ரூம் போட்டவனுக்கு ஜன்னல்ல போஸிடானோ தெரியாது."

கன்னியாகுமரி பக்கெட் வீண்போகவில்லை பாருங்கள்! என் மனைவி முதல் முறையாக அந்த முந்நூறு ரூபாயை வரவில் வைத்தாள்.

அதற்குப் பிறகு மற்றவை சுலபமாகப் போயிற்று. எப்போது போவது? ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்ட் 15 நமக்குச் சுதந்திர தினம். அவர்களுக்கும் அன்று பெரிய லீவு. இத்தாலியே கடற்கரையில் இருக்கும், வாடகை உச்சியில் இருக்கும். குளிர்காலமும் வேண்டாம், படகு ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரைதான். ஆகவே மே மாதக் கடைசி அல்லது செப்டம்பர். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும் என்பதால் கையில் ஒரு நாள் உபரி.

ஹோட்டலா, அபார்ட்மெண்டா? சமையலறையோடு அபார்ட்மெண்ட். அத்தைக்கு ராத்திரி ரசம் வேண்டும். அங்கே பல ஹோட்டல்களில் உட்கார்ந்தாலே தலைக்கு இவ்வளவு என்று பில்லில் சேர்த்துவிடுவார்கள். 'கோபெர்தோ' என்று பெயர். தங்கும் இடத்திலும் வாடகை போக, தலைக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டோம். ரூம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளையும் எழுதினேன்: லிஃப்ட் உண்டா? வாசலில் எத்தனை படி? ஸ்டேஷனிலிருந்து ஏற்றமா, சமதளமா? கேன்சல் செய்தால் பணம் வருமா? விசா வரும்வரை இந்தக் கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். 'கடல் தெரியுமா?' என்ற கேள்வியை மனைவியே பேனாவை வாங்கி அடித்தாள்.

"அமால்ஃபியில ஒரு பெரிய சர்ச் இருக்குங்க அத்தை. அதுக்கு மட்டும் 62 படி" என்றேன், மறைக்கக் கூடாது என்று.

"கீழ நின்னு கும்புட்டா அந்தச் சாமி கோவிச்சுக்குமா?"

"கோவிச்சுக்காதுங்க."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அந்த ஸலெர்னோவுல கடலுக்குப் பக்கத்துல உக்கார்றதுக்கு பெஞ்சு இருக்குங்களா மாப்பிள்ளை?"

மைத்துனன் செல்போனில் தேடிக் காட்டினான். கடலை ஒட்டி நீளமாக நடைபாதை. ஓரத்தில் வரிசையாகப் பனை மரங்கள். நிழலில் பெஞ்சுகள். வயதான இத்தாலிக்காரர்கள் சிலர் உட்கார்ந்து, சும்மா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் டி-ஷர்ட் போட்டிருந்தார். அத்தை இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். தோள்பட்டைத் தையலைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"இது போதுமுங்க. முப்பது வருசம் நின்னாச்சு. அங்க போயி ஒரு நாளு உக்காந்துக்கறேன்."

யாரும் பேசவில்லை. மைத்துனன்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்:

"அந்த பெஞ்சுக்கு மட்டும் கோபெர்தோ கிடையாதும்மா."