சத்தம் போடாத தேய்மானம்

கேம் செயின் டென்ஷனர் கெட்டால் இன்ஜின் ‘கடகட’வென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பைக் வைத்திருப்பவர்கள் பலர் நம்புகிறார்கள். 1999 மாடலில் ஹார்லி டேவிட்சன் கொண்டுவந்த ட்வின் கேம் 88 இன்ஜின் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கியது.

அதில் இரண்டு கேம் செயின்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரு பிளாஸ்டிக் ஷூவை ஸ்பிரிங் ஓயாமல் அழுத்திக்கொண்டிருக்கும். செயின் தளராததால் பெரும்பாலும் சத்தமே வராது. ஷூ மட்டும் தேய்ந்துகொண்டே போகும். உதிரும் துகள்கள் ஆயிலில் கலந்து ஆயில் பம்ப்பைப் பதம் பார்த்துவிடும்.

2006இல் டைனா வரிசைக்கும், 2007இல் மற்ற ட்வின் கேம் வண்டிகளுக்கும் ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர் வந்தது.

பழைய வண்டிகளோ இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குகிறவர் குரோம் பளபளப்பில் மயங்காமல், வலப்பக்க கேம் கவரைக் கழற்றி ஷூவைக் காட்டச் சொல்ல வேண்டும். ஒழுங்காக ஆயில் மாற்றியதற்கான பில்லை நீட்டினால் போதாது. (நல்ல ஆயில் ஊற்றிய வண்டியிலும் ஷூ தேயத்தான் செய்யும்.) செயினே வேண்டாம், கியர் செட் மாட்டிவிடலாம் என்று கிளம்புபவர்களும் உண்டு; ஆனால் கிராங்க் ஷாஃப்ட்டின் ஆட்டம் அளவுக்குள் இருந்தால்தான் அது சரிப்படும்.