விலை மீண்டது, வீடு மீண்டதா?

செய்தித் தலைப்புகளோடு பல்லாண்டு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 'வீட்டு விலை மீண்டுவிட்டது' என்பதைப்போல் மயக்கும் தலைப்பு வேறில்லை. அமெரிக்காவில் 2006இல் உச்சந்தொட்ட விலைகள் சரிந்து, 2012இல் அடிமட்டம் கண்டன. கேஸ்-ஷில்லர் தேசியச் சுட்டெண் 2016இல் பழைய உச்சத்தைக் கடந்ததும் பலர் வெற்றிமுரசு கொட்டினர்.

டொலரின் வாங்குதிறன் தேய்ந்ததை அவர்கள் மறந்ததேனோ? 2006இல் 100 டொலருக்குக் கிடைத்த பொருளுக்கு 2016இல் ஏறத்தாழ 119 டொலர் தேவைப்பட்டது. அதைக் கழித்துப் பார்த்தால் அன்றைய மீட்சி கானல்நீரே. தேசியச் சராசரி நகரங்களின் காயத்தையும் மறைத்தது. லாஸ் வேகாஸில் விலைகள் ஏறக்குறைய 60 வீதம் வீழ்ந்தன. பழைய உச்சத்தை எட்ட அந்நகர் 2021 வரை காத்திருந்தது.

இன்று விலைகள் அவ்வுச்சங்களைத் தாண்டி நிற்பது உண்மையே. ஆயினும், கடன் கட்ட முடியாது வீட்டை வங்கியிடம் பறிகொடுத்த குடும்பத்துக்கு அதனால் என்ன பயன்? அடிமட்ட விலையில் பல்லாயிரம் வீடுகளைப் பெரும் முதலீட்டாளர்கள் வாங்கிக் குவித்தனர். பிளாக்ஸ்டோன் 2012இல் தொடங்கிய 'இன்விட்டேஷன் ஹோம்ஸ்' அதற்கோர் உதாரணம். சொந்தக்காரராய் இருந்தோர் பலர் வாடகைக்காரர் ஆயினர்.

இதற்குப் பெயர் மீட்சியன்று, கைமாற்றம்.