ராத்திரி முழுவதும் விழித்திருக்கும் நர்சு

திருப்பூர் தூங்காத ஊர். நடுநிசியிலும் நிட்டிங் மிஷின் ஓடும். ஒரு ஊசி உடைந்தால் துணியில் நீளமாகக் கோடு விழும். அதைக் கவனிக்காவிட்டால் துணி வீண்.

அதே நேரத்தில், ஆஸ்பத்திரியின் இருதய வார்டில் இன்னொருவர் ஒரு கோட்டையே பார்த்துக் கொண்டிருக்கிறார். அவர் நர்சு. இங்கே கவனம் தப்பினால் போவது துணி அல்ல, உயிர்!

மாரடைப்பு வந்தவரின் நெஞ்சில் சிறு பட்டைகளை ஒட்டுகிறார்கள். அதிலிருந்து கம்பிகள் மானிட்டர் கருவிக்குப் போகின்றன. இதயத் துடிப்பு திரையில் கோடாக ஓடும். துடிப்பு தாறுமாறானால் மணி அடிக்கும்.

"அதுதான் கருவி இருக்கிறதே, நர்சு எதற்கு?" என்று கேட்கலாம். நோயாளி புரண்டு படுத்தாலும் மணி அடிக்கும். வேர்வையில் பட்டை நழுவினாலும் அடிக்கும். பெரும்பாலும் இப்படித்தான். 'புலி வருது' கதை! நிஜப் புலி எது என்று கண்டுபிடிக்க வேண்டியவர் நர்சு.

இதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கினால், உடனே மின்சார அதிர்ச்சி கொடுக்க வேண்டும். நெஞ்சை அமுக்கும் முதலுதவியும் இல்லாவிட்டால், ஒவ்வொரு நிமிஷத் தாமதத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

1962-ம் ஆண்டு அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி நகரில் டாக்டர் ஹியூஸ் டே இதற்கென்றே தனி வார்டு திறந்தார். கருவியை வைத்தவுடனே சாவு குறைந்துவிடவில்லை. டாக்டர் வரும்வரை காத்திராமல் நர்சே அதிர்ச்சி கொடுக்கலாம் என்று இத்தகைய வார்டுகளில் அனுமதித்த பிறகுதான் குறைந்தது.

எத்தனை கட்டிலுக்கு ஒருவர்?

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, 'எத்தனை மானிட்டர்?' என்பதல்ல. 'ராத்திரியில் எத்தனை நர்சு?' என்பதுதான். ஒருவர் ஊசி போடப் போனால், திரையை யார் பார்ப்பது?

இந்த வேலைக்கு வருபவர்களில் பலர் வெளியூர்ப் பெண்கள். ஒப்பந்த வேலை. அரசாங்கமே 2015-ல் தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான நர்சுகளை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பு ஊதியத்தில் எடுத்தது. நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் போராடினார்கள். கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட 2,400-க்கும் அதிகமான நர்சுகளின் வேலை, 2022 டிசம்பர் 31-ந்தேதியோடு முடிந்தது. ஆபத்துக் காலத்தில் கைதட்டினார்கள். ஆபத்து போனதும் கணக்குத் தீர்த்தார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுப்ரீம் கோர்ட்டு 2016-ல் சொன்னதன்பேரில் அமைந்த நிபுணர் குழு, 50 கட்டில்கூட இல்லாத ஆஸ்பத்திரியிலும் நர்சின் மாதச் சம்பளம் 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றது. அது எங்கே நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று நர்சுகளுக்கு நன்றாகவே தெரியும்.

தொழிற்சாலைகளில் பெண்கள் இரவு வேலை செய்ய இருந்த தடையை, சென்னை ஐகோர்ட்டு 2000-ம் ஆண்டு நீக்கியது. அப்போது வாகன வசதி போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. பனியன் கம்பெனிப் பெண்ணுக்குத் தேவையான அந்தப் பாதுகாப்பு, இரவு டியூட்டி நர்சுக்கும் தேவைதானே? இரவு 8 மணிக்கு அவர் தனியாகப் பஸ்சுக்கு நிற்கிறார். காலையில் தூக்கக் கண்ணோடு திரும்புகிறார்.

செலவே இல்லாத ஒரு காரியத்தை ஆஸ்பத்திரிகள் முதலில் செய்யட்டும். வார்டு வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, தினமும் மாலையில் எழுதட்டும்: 'இன்று இரவு இத்தனை நோயாளிகள், இத்தனை நர்சுகள்.' வராந்தாவில் பாய் விரித்துப் படுக்கும் உறவினர்கள் அதைப் படித்துக் கொள்வார்கள்.