கைமணம் கூலியாகாது

கிறிஸ்துமஸ் நெருங்கினால் புதுச்சேரியின் ‘விவிகம்’ கேக்கைப் பற்றி ஆளாளுக்கு உருகுகிறார்கள். பிரெஞ்சும் தமிழும் கலந்த பண்பாட்டின் ருசியாம்! எந்தப் பண்பாடும் தானாக முட்டை அடித்துக்கொள்வதில்லை.

நான் கேட்கிறேன்: ரவையைச் சலித்தது யார்? திராட்சையையும் முந்திரியையும் நறுக்கி ரம்மில் ஊறப்போட்டது யார்? வெண்ணெயையும் சர்க்கரையையும் கை கடுக்கக் குழைத்தது யார்? வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் களையெடுப்புக்கோ நூறு நாள் வேலைக்கோ போய்த் திரும்பும் பெண்ணுக்கு, அதன் பிறகுதான் இந்த வேலையே தொடங்குகிறது. ரம் பாட்டிலை மட்டும் வாங்கிவந்தவர், “எங்க வீட்ல கேக் போட்டோம்” என்கிறார்.

2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது, செய்கிற ஆணுக்கு 97. பண்டிகை வாரத்துக்குத் தனியாகக் கணக்கெடுத்தால் என்ன வரும்?

“அன்பால் செய்கிறாள்” என்பார்கள். அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு போகும்போது அவளுக்குப் பெருமையும் இருக்கிறது. ஆனால் அதே கேக்கைக் கடையில் வாங்கினால் உழைப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். வீட்டில் மட்டும் ‘கைமணம்’ என்ற ஒரு சொல்லோடு கணக்கை முடித்துவிடுகிறோம்.

விவிகம் வேண்டாம் என்பதல்ல என் வாதம். பாட்டியின் பக்குவத்தைப் பேத்திக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கும்போது, கேக்கோடு சேர்த்து அடுப்படியையும் அவள் தலையில் கட்டுகிறோம். இந்த டிசம்பரில் பேரனையும் கூப்பிடுங்கள். முட்டை அடிக்கட்டும், பாத்திரத்தையும் அவனே கழுவட்டும்.