‘இறந்தது யாரு?’ன்னு கேட்டா என்ன சொல்றது? - டைகருக்காக ஒரு துக்கம் விசாரிப்பு

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஷிஃப்ட். இணையத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய் வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். பலூனைத் துரத்திக்கொண்டே போய்க் குளத்தில் விழுகிற நாய். ‘சிரிச்சு மாளல’ என்று டைப் செய்துகொண்டிருந்தபோது அம்மா போன். ஷிஃப்ட் நேரத்தில் அம்மா கூப்பிடவே மாட்டார்.

“பாப்பா... டைகர் போயிட்டான்டா. காலையில ஆறு மணிக்கு. புதைச்சும் முடிச்சாச்சு.”

“ஏம்மா அப்பவே சொல்லல?”

“நீ வேலையில இருப்ப, மனசு கெட்டுப்போகும்னு அப்பாதான் சொல்ல வேணாம்னுட்டாரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் லீவு கேட்டேன். “வீட்டுல ஒரு இறப்பு. ஊருக்குப் போகணும்.”

“ஐயோ... யாரும்மா?”

ஒரு விநாடி தடுமாறினேன். “வீட்டுப் பெரியவர். ரொம்ப வயசானவர்.”

உடனே லீவு கிடைத்தது. பக்கத்து சீட் தோழி பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். ஆனால், ‘இறந்தது எங்கள் நாய்’ என்று சொல்ல மட்டும் எனக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பயமாக இருந்தது.

பெயர்தான் டைகர்!

எங்கள் ஊர் நிலக்கோட்டை. அப்பா பூ வியாபாரி. நான் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு மழை நாளில், பூ மூட்டைகளுக்கு நடுவே நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை அப்பா துண்டில் சுற்றி எடுத்து வந்தார். சுத்தமான நாட்டு நாய். செம்பட்டை நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ‘டைகர்’ என்று பெயர் வைத்தது தம்பி. பெயருக்கும் அவனுக்கும் சம்பந்தமே இல்லை. தீபாவளி வந்தால் மூன்று நாளும் கட்டிலுக்கு அடியில்தான் குடித்தனம்.

அப்பா அதிகாலை மூன்றரை மணிக்கு மார்க்கெட்டுக்குக் கிளம்புவார். டைகர் தெருமுனை வரை கூடப் போய்விட்டுத் திரும்பி வருவான். அப்பா வியாபாரம் முடிந்து வரும்போது டீக்கடையில் இரண்டு பொறை வாங்கி வருவார். ஒன்று உடனே, இன்னொன்று சாயங்காலம். இந்தக் கணக்கு 14 வருடங்கள் தவறவில்லை. என் பத்தாம் வகுப்பு ரிசல்ட், பாட்டியின் சாவு, தம்பியின் கை முறிவு, நான் டிப்ளமோ படிக்கச் சென்னைக்குப் பெட்டி தூக்கியது என எல்லாவற்றுக்கும் வாசலில் அவன் இருந்திருக்கிறான்.

நாங்கள் கவனிக்காமல் விட்டது

ஒரு வருடத்துக்கு முன்பே அவன் நிறைய தண்ணீர் குடிக்க ஆரம்பித்திருந்தான். “வெயில் அப்படி அடிக்குது, பாவம்” என்றார் அம்மா. அடிக்கடி சிறுநீர் போனான். இடுப்பு எலும்பு தெரிய இளைத்தான். “வயசாச்சுல்ல” என்றோம். வாய் நாற்றம் வந்தது. அதற்கும் ‘வயசு’தான் காரணம்.

வாந்தி எடுத்துச் சாப்பாட்டை ஒதுக்கிய பிறகுதான் கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் எகிறியிருந்தது. சிறுநீரகச் செயலிழப்பு. சிறுநீரகத்தின் பெரும்பகுதி பழுதான பிறகுதான் நாய்களுக்கு வெளியே அறிகுறிகளே தெரியும் என்று மருத்துவர் சொன்னார். வயதான நாய் திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடித்தால், அதை வெயில் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முன்கூட்டியே தெரிந்தால் உணவை மாற்றி, மருந்து கொடுத்து, நல்லபடியாகக் கொஞ்ச காலம் வாழ வைக்க முடியும்.

அந்த இரண்டு நாள்

இப்போது எழுதப்போவதைத்தான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் மருத்துவர் அம்மாவிடம், “டிரிப்ஸ் போட்டாலும் பெருசா பலன் இருக்காது. வலியில்லாம தூங்க வெச்சிடலாம். யோசிச்சுச் சொல்லுங்க” என்றாராம். அப்பா ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா எனக்கு போன் போட்டார். “நீ என்ன பாப்பா சொல்ற?”

நான் சொன்னேன், “சனிக்கிழமை வந்துடுறேம்மா. அதுவரைக்கும் பார்ப்போம். நான் ஒரு தடவை அவனைப் பார்த்துடுறேன்.”

அதன்பின் அவன் இரண்டு ராத்திரி கிடந்தான். குடித்த தண்ணீரும் நிற்கவில்லை. ஈரத்துணியால் வாயைத் துடைத்தபடி அம்மா பக்கத்திலேயே படுத்திருந்தார். சனிக்கிழமை காலை நான் போய் இறங்கியபோது, கொல்லையில் முருங்கை மரத்தடியில் மஞ்சள் தூவிய மண்மேடும், மற்ற நாய்கள் தோண்டாமலிருக்க வைத்த கல்லும்தான் இருந்தன. மேலே வாடிப்போன மல்லிகை. முதல் நாள் நல்ல விலை போன முதல் தரப் பூவில் ஒரு கிலோவை விற்காமல் எடுத்து வந்தாராம் அப்பா.

அந்த இரண்டு நாள் அவனுக்காக இல்லை. எனக்காக. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற என் ஆசைக்கு அவன் வலியைக் கொடுத்தேன். கடைசியில் பார்க்கவும் இல்லை.

செல்லப்பிராணியை இழந்தவர்களில் பலர் இப்படி ஏதோ ஒரு குற்றவுணர்வைச் சுமக்கிறார்கள். ஊசி போட்டவர்கள் ‘அவசரப்பட்டுட்டோமோ’ என்கிறார்கள். போடாதவர்கள் ‘கஷ்டப்பட விட்டுட்டோமே’ என்கிறார்கள். நாயால் தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது. அதனால் அதற்காக நாம் எடுக்கும் முடிவு எதுவானாலும் ஒரு முள் மிஞ்சிவிடுகிறது.

“நீ சொன்னதால இல்ல தாயி. எனக்கும் மனசு வரல” என்று அப்பா சொன்னார். எனக்காகச் சொன்னாரா, உண்மையா என்று தெரியவில்லை. ஆனால், அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சத்தமாக அழ முடிந்தது.

பெயர் உண்டு இந்தத் துக்கத்துக்கு

மனிதர் இறந்தால் நமக்கு வழிமுறை இருக்கிறது. பந்தல், துக்கம் விசாரிப்பு, பக்கத்து வீட்டுச் சாப்பாடு, 16-ம் நாள் காரியம். துக்கத்தை ஊரே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். நாய்க்கு அப்படி எதுவும் கிடையாது. ‘இன்னொண்ணு வாங்கிக்கலாம்’ என்ற ஆறுதல் மட்டும்தான்.

வெளியே சொல்ல முடியாத, ஊர் ஒப்புக்கொள்ளாத இந்த மாதிரி துக்கத்தைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் ஒரு நூலே கொண்டுவந்தார். தமிழில் ‘அங்கீகரிக்கப்படாத துக்கம்’ எனலாம். அழ உரிமை இல்லை என்று நினைக்கும்போது துக்கம் குறைவதில்லை, உள்ளேயே தங்கிவிடுகிறது.

ஆனால், நம் மண்ணில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமை மந்தைக்காகப் போரிட்டு உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல் அது. அதில் அவனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் இருந்தது என்று அதன் செயலையும் பெயரோடு கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்களின் பெயர்களே மறைந்துபோன காலத்திலிருந்து ஒரு நாயின் பெயர் நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் படித்தபோது, அலுவலகத்தில் டைகரின் பெயரைச் சொல்லக் கூசியதை நினைத்து வெட்கமாக இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு முதியவர் இருந்தால்...

இந்த அனுபவத்தில் நான் கற்றதைச் சொல்கிறேன். காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். சாப்பிட்டானா, தானாக எழுந்தானா, பிடித்ததைக் கண்டு வாலாட்டினானா? கெட்ட நாள்கள் நல்ல நாள்களைவிட அதிகமாகும்போது மருத்துவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். ‘தூங்க வைப்பது’ என்றால் பெரும்பாலும் முதலில் மயக்க ஊசி, பிறகு அதிக அளவு மயக்க மருந்து. சில நிமிடங்களில் வலியின்றி முடிந்துவிடும். கண் மூடாமல் இருக்கலாம், உடல் லேசாகத் துடிக்கலாம். அது வேதனையால் வருவதல்ல. முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயம் குறையும். கூட இருக்க முடிந்தால் இருங்கள். வர முடியாதவருக்காக அவனைக் காக்க வைக்காதீர்கள்.

வலிக்கிறதே என்று நாம் போடும் மாத்திரையைக் கொடுக்க வேண்டாம். சாதாரண வலி மாத்திரைகளே நாய்களுக்கு ஆபத்தாகலாம். புதைப்பதென்றால் ஆழமாகத் தோண்டுங்கள், கிணறு, போர்வெல் பக்கம் வேண்டாம். குறிப்பாக ஊசி போட்டிருந்தால், அந்த உடலைத் தின்னும் வேறு விலங்கும் இறக்கக்கூடும்.

குழந்தைகளிடம் ‘ஊருக்கு அனுப்பிட்டோம்’ என்று சொல்லாதீர்கள். அவர்கள் காத்திருப்பார்கள். ‘செத்துப்போச்சு, இனி வராது’ என்பதை மடியில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவர்கள் பார்த்தாலும் தப்பில்லை. புதுக் குட்டிக்கு அவசரமும் வேண்டாம். பழைய தட்டைப் பார்த்தால் அழுகை வராத நாள் வரட்டும்.

இரண்டு பொறை

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். தெருமுனையில் அப்பா ஒரு நிமிடம் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு நடந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது டீக்கடை. மாஸ்டர் வழக்கம்போல இரண்டு பொறையைப் பேப்பரில் மடித்து நீட்டினார். அப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு வீட்டு அலமாரி நினைவுக்கு வந்தது. வெள்ளியும் சனியும் வாங்கிய பொறை அங்கே பிரிக்காமல் இருந்தது.

நாலு எட்டு நடந்த அப்பா திரும்பிப் போனார். “மாஸ்டர், இனிமே பொறை வேணாம்யா. டைகர் வெள்ளிக்கிழமை போயிட்டான்.”

மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். “என்னண்ணே சொல்றீங்க... எத்தனை வயசு? உடம்புக்கு என்ன பண்ணுச்சு? கடைசியில தண்ணி குடிச்சானா?”

இழவு வீட்டில் கேட்கிற அதே கேள்விகள். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். பதினாலு வயசு. கிட்னி. விடியக்காலையில அவ அம்மா கையில ரெண்டு சொட்டு குடிச்சான். சொல்லச் சொல்ல அவர் குரல் உடைந்தது. மூன்று நாளில் அப்பா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

திங்கள்கிழமை அலுவலகம் வந்ததும் பக்கத்து சீட் தோழி கேட்டாள், “பெரியவர் யாருப்பா? தாத்தாவா?”

“இல்ல. எங்க நாய். பேரு டைகர்” என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். “எத்தனை வயசு?”

உங்களுக்குத் தெரிந்த யார் வீட்டிலாவது நாயோ, பூனையோ, மாடோ இறந்துபோனால், ‘இன்னொண்ணு வாங்கிக்கோ’ என்று சொல்லாதீர்கள். பேர் என்ன, எத்தனை வயசு என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். அது போதும்.