உருவமும் கியரும்

சூப்பர் கார் ரசிகர்கள் இரண்டு விவாதங்களை ஓயாமல் நடத்துகிறார்கள். உருவம் எப்படி என்பது ஒன்று. கையால் கியர் மாற்றுவதா, தானியங்கியா என்பது மற்றொன்று. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்ததே பிழை என்பேன்.

1971இல் ஜெனீவாவில் காட்சிக்கு வந்த லம்போர்கினி கூன்டாஷைப் பாருங்கள். பொறியாளர் பாவ்லோ ஸ்டான்சானி அதன் கியர்பெட்டியை எஞ்சினுக்கு முன்னால், இருக்கைகளுக்கு நடுவே வைத்தார். ஓட்டுபவரின் கைக்கும் கியருக்கும் இடையே தூரமே இல்லை. மார்செல்லோ காந்தினி வரைந்த ஆப்பு வடிவம் அந்த அமைப்பின் மீதுதான் எழுந்தது.

2021இல் அதே பெயரில் 112 கார்கள் அறிவிக்கப்பட்டன. பழைய கோடுகள் இருந்தன. கிளட்ச் பெடல் இல்லை. தமக்கு அதில் பங்கில்லை என்று காந்தினியே பகிரங்கமாக அறிவித்தார்.

தானியங்கியே வேகமானது என்பார்கள். மறுக்கவில்லை. வேகம் மட்டுமே போதுமென்றால், 2013இல் 911 ஜிடி3 காரைத் தானியங்கியாக மட்டும் விற்கத் தொடங்கிய போர்ஷே, 2017இல் கையால் மாற்றும் கியரை ஏன் மீண்டும் கொண்டுவந்தது?

ஓட்டுபவருக்கு வேலை வைக்காமல் பழைய உருவத்தை மட்டும் மீட்பது, தளை அறியாதவர் நான்கு வரிகளை மடக்கி எழுதி வெண்பா என்று பெயரிடுவதற்கு ஒப்பானது.